இடது கை டப்பா

லோகநாயகி ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு இன்னும் நாலு நாள். மகள் பவித்ரா உள்ளேயிருந்து வந்து கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மா, இத்தப் பாரேன்."

படத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. வரிசையாகப் பழைய தகர டப்பாக்கள். பிஸ்கட், பேதி உப்பு, முகப்பவுடர், பெருங்காயம். நடுவில் ஒரு பல்பொடி டப்பா. அதன்மேல் ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி, சுட்டுவிரலை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். டப்பாவின் கீழே அட்டை ஒன்று மடித்து நிறுத்தியிருந்தது. பவித்ரா படத்தை விரல்களால் பெரிதாக்கினாள்.

'செங்கமலம் பல்பொடி, அம்பத்தூர், 1975. அச்சுப் பிழை உள்ள டப்பா. மிக அரிது.'

லோகநாயகி இரண்டு முறை படித்தார். பிரஷ்ஷைப் பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டார்.

"எங்க கீது இது?"

"அண்ணனூர்ல. ஸ்டேஷனுக்கு அந்தாண்ட பெரிய பிளாட் இல்ல? அங்க கிளப் ஹவுஸ்ல ஞாயித்துக்கெழம கண்காட்சி வைக்கிறாங்களாம். 'எங்கள் எழுபதுகள்'னு பேரு. எங்க ஆபீஸ் பொண்ணு அனுப்பிச்சா."

"பிழைன்னு எழுதிகீறாங்க."

"யாரோ தெரியாம எழுதியிருப்பாங்க. வுடும்மா."

"இன்னாத்த வுடறது? அது நானு."

பவித்ராவுக்கு அது தெரியும். அவர்கள் குடியிருக்கும் சேக்காட்டில் தெருவுக்கே தெரியும். பல்பொடி டப்பாவில் இருந்த பெண் தான்தான் என்பதை லோகநாயகி யாரிடமும் மறைத்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் முதலில் சொன்ன செய்தியே அதுதான் என்பார்கள். ஆனால் காட்டுவதற்கு டப்பா இல்லை. அவருடைய அப்பா சாமி மாடத்தில் வைத்திருந்த ஒரே டப்பா 2015 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது போய்விட்டது. பத்து வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அந்த முகத்தைப் பார்க்கிறார். பார்த்த இடத்தில் பிழை என்று எழுதியிருக்கிறது.

*

அம்பத்தூர் பழைய ஊரில் 1968இல் பிறந்தவர் லோகநாயகி. தாத்தாவின் நெல்வயல் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போன பிறகு அப்பா அந்த எஸ்டேட்டுக்குள்ளேயே வேலைக்குப் போனார். செங்கமலம் பல்பொடி கம்பெனியில் பொடி சலிப்பது அவர் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது தலைமுடி, காது மடல், கண் இமை எல்லாம் ரோஜா நிறத்தில் இருக்கும். வேர்த்தால் முதுகில் சிவப்பு ஓடும். தெருப் பிள்ளைகள் அவர் கையை நக்கிப் பார்ப்பார்கள். பொடி இனிக்கும்.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் பல்பொடியைப் பல்லுக்குப் பாதியும் நாக்குக்குப் பாதியுமாகவே செலவழித்தார்கள். பொடி தீர்ந்த பிறகு டப்பாவுக்கு இரண்டாவது பிழைப்பு ஆரம்பமாகும். பெண் பிள்ளைகள் ஊக்கும் பாசிமணியும் வைத்தார்கள். பையன்கள் டூரிங் கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கிய பிலிம் துண்டுகளைப் போட்டு வைத்தார்கள். வெயில் நேரத்தில் ஒருவன் வாசலில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிப்பான். உள்ளே இருட்டில் தண்ணீர் நிரப்பிய பியூஸ் பல்புக்குப் பின்னால் பிலிம் துண்டைத் தலைகீழாக நிறுத்தினால் சுவரில் ஆள் தெரியும். அசையாது. பாட்டை நாம்தான் பாட வேண்டும். பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவளுக்கு முன்வரிசை. லோகநாயகியிடம் பாட்டுப் புத்தகம் இருந்ததில்லை. ஆனாலும் 1975 ஆனி மாதத்துக்குப் பிறகு அவளுக்கு எந்த வீட்டிலும் முன்வரிசைதான்.

நடந்தது இதுதான். கம்பெனி புது டப்பா போட முடிவு செய்தது. பழைய டப்பாவில் வெறும் தாமரை. புதிதில் பல் தேய்க்கும் குழந்தை வேண்டும் என்றார் முதலாளி. புரசைவாக்கத்திலிருந்து போட்டோக்காரர் வந்து விளக்கெல்லாம் மாட்டிவிட்டார். படத்துக்கு வரவேண்டிய டாக்டர் வீட்டுப் பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பன்னாக இருந்தன. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள் லோகநாயகி. அவளுடைய சட்டை துவைத்துக் காயாததால் அண்ணனின் சட்டையைப் போட்டிருந்தாள்.

"பல்லக் காட்டு," என்றார் முதலாளி. காட்டினாள். "போதும். நிக்க வை."

தூக்கை வாங்கிக் கீழே வைத்தார்கள். கையில் பொடியைக் கொட்டினார்கள். தேய்க்கச் சொன்னார்கள். அவள் வலது உள்ளங்கையில் பொடியை வைத்துக்கொண்டு இடது சுட்டுவிரலால் தேய்த்தாள். அவளுக்கு அதுதான் கை. போட்டோக்காரர் முழங்கையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார், சட்டை தெரியட்டும் என்று. ஒருவரும் வேறு எதையும் கவனிக்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பு அப்படி இருந்தது என்பார் அப்பா பிற்பாடு.

போட்டோவைப் பார்த்துப் பெயிண்டர் வரைந்தார். கறுத்த பெண்ணை எலுமிச்சை நிறமாக்கினார். கன்னத்தில் பல்பொடி நிறத்தையே பூசினார். விழுந்துபோன கீழ்வரிசைப் பல்லை முளைக்க வைத்தார். படிக்கிற பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்று சட்டைப் பையில் ஒரு பேனாவைச் செருகினார். பொடி இருந்த உள்ளங்கையில் ஒரு குட்டி டப்பாவைக் கொடுத்தார். சிரிப்பையும் கையையும் மட்டும் அப்படியே விட்டார்.

டப்பா கடைக்கு வந்த வாரம் அண்ணன் அவளோடு பேசவில்லை, கூட்டாளிகளிடம் புலம்பினான். "என் சட்டைடா அது. நான் ஸ்கூலுக்குப் போட்டுகினு போற சட்டை. அதுல எனக்கே பேனா இல்ல. இவளுக்குப் பேனா!"

அப்பா இரண்டு டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்றைச் சாமி மாடத்தில் வைத்தார். இன்னொன்று பள்ளிக்கூடம் போனது. அந்த நேரம் மூன்றாம் வகுப்பு டீச்சர் லோகநாயகியின் இடது கையை ஸ்கேலால் அடித்துக்கொண்டிருந்தார். தினமும் நாலு அடி. எழுத்து வலது கைக்குப் போகவில்லை. அப்பா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பொடி படிந்த உடம்போடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். டப்பாவை டீச்சரின் மேசைமேல் வைத்தார்.

"அம்மா, இந்தக் கையத்தான் ஊர் பூரா காசு குடுத்து வாங்கிகினு போவுது. நீங்க அடிக்கிறீங்க."

டீச்சர் டப்பாவைப் பார்த்தார். பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஸ்கேல் அவள் பக்கம் வரவில்லை.

ஊர் பூரா வாங்கியது இரண்டு மாதம்தான். வேலூர், காஞ்சிபுரம், கும்பகோணம் கடைக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. காலையில் எழுந்ததும் பீச்சாங்கையால் பல் தேய்க்கும் பொண்ணின் முகத்தில் விழிக்கவேண்டுமா என்று வீட்டுப் பெண்கள் கேட்கிறார்களாம். கால் கழுவுகிற கையை வாயில் வைக்கிறாளே என்கிறார்களாம். பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. அப்போதுதான் முதலாளி டப்பாவை ஒழுங்காகப் பார்த்தார்.

மறுபடி விளக்கு மாட்டினார்கள். மறுபடி அண்ணன் சட்டை. இந்த முறை வலது கை என்று சொல்லியே நிறுத்தினார்கள். அவள் முயற்சி செய்யாமல் இல்லை. போட்டோக்காரர் ஒன்று, இரண்டு எண்ணும்வரை வலது விரல் வாயில் இருக்கும். முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருக்கும். சிரி என்றதும் இடது கை தானாக மேலே வந்துவிடும். மூக்கில் பொடி ஏறித் தும்மினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ஒரு பொண்ணுக்குப் பல்லு தேய்க்கக்கூடவா சொல்லித் தரல நீ?" என்று முதலாளி அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

அப்பா சல்லடையோடு நின்றிருந்தார். "அது கை அது மொதலாளி. நான் இன்னா பண்றது?"

கடைசியில் அச்சகத்து ஆள்தான் வழி சொன்னார். படத்தை மட்டும் திருப்பிப் போட்டால் போதும், எழுத்தை நேராக எழுதிக்கொள்ளலாம். அப்படியே செய்தார்கள். இடது வலதானது. திரும்பி வந்த டப்பாக்களைத் தட்டிக் கொட்டித் தகரத்தைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். புது டப்பா பதிமூன்று வருடம் ஓடியது. தமிழ்நாட்டில் அதைப் பார்க்காத வீடு இல்லை என்று லோகநாயகி சொல்வார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

சோறு மட்டும் வலது கையில். அது அம்மாவுக்காகப் பழகியது. மற்றதெல்லாம் இடதுதான். பதினெட்டு வயதில் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மர் காயில் சுற்றும் கம்பெனியில் சேர்ந்தார். சுற்றுகிற மெஷினின் கைப்பிடி வலப்பக்கம். சூப்பர்வைசர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கை மாத்தும்மா, இல்லனா ஆள மாத்துவேன்," என்றார். லோகநாயகி மெஷினின் நாலு போல்ட்டையும் கழற்றச் சொன்னார். மெஷினைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். பதினோரு பெண்கள் சுவரைப் பார்த்துச் சுற்றினார்கள். அவர் மட்டும் அந்தப் பதினோரு பேரையும் பார்த்துச் சுற்றினார். இருபத்தொன்பது வருடம். வேலையைவிட்டு நின்ற அன்று கம்பெனியில் அவருக்குக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். எந்தக் கையில் வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பவித்ராவின் ஸ்கூட்டியில் அண்ணனூர் போனார்கள். கல்யாணத்துக்கு எடுக்கும் அரக்குப் புடவையைக் கட்டியிருந்தார் லோகநாயகி.

"அம்மா, சண்ட கிண்ட போடக் கூடாது," என்றாள் பவித்ரா.

"நான் எதுக்குச் சண்ட போடறேன்? ஒரு சொல்ல எடுக்கச் சொல்லப் போறேன். அவ்ளோதான்."

கிளப் ஹவுஸ் வாசலில் ஒரு வாடகை சைக்கிள், பெல்பாட்டம் போட்ட பொம்மை. உள்ளே வால்வு ரேடியோ ஒன்று ஓடாமல் இருந்தது. அதற்குப் பின்னால் ஒளித்து வைத்த சின்ன ஸ்பீக்கர் பழைய பாட்டைப் பாடியது. ஜவ்வு மிட்டாய்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வந்திருந்தார்கள். ஐம்பது வயது மனிதர்கள் வரிசையில் நின்று மணிக்கட்டை நீட்டி மிட்டாய் வாட்ச் கட்டிக்கொண்டார்கள். டப்பா மேசை மூலையில் இருந்தது. அதற்குப் பின்னால் ஞானசேகரன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணத்துக்காரர், மகன் இங்கே வேலைக்கு வந்ததால் பிளாட்டுக்கு வந்தவர். நானூற்றுச் சொச்சம் டப்பாக்கள் அவருடையவை. பக்கத்து மேசையில் அவர் மனைவி சாவித்திரி, வருகிறவர்களுக்குப் பன்னீர் சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. நிதானமா பாருங்க," என்றார் ஞானசேகரன்.

லோகநாயகி மற்ற டப்பாக்களைப் பார்க்கவில்லை. "சார், இந்த அட்டைய எழுதினது யாரு?"

"நான்தாங்க. ஏன், எழுத்து சின்னதா இருக்கா?"

"எழுத்து நல்லா கீது. எழுதினது தப்பு."

ஞானசேகரன் கோபப்படவில்லை. இதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல மேசையைச் சுற்றி முன்னால் வந்தார். இடது கை டப்பாவுக்குப் பக்கத்தில் வலது கை டப்பாவும் இருந்தது. "இது எல்லார் வீட்லயும் இருந்தது. சரியானது. பக்கத்துல பாருங்க, கை மாறியிருக்கு. அச்சடிக்கிறப்ப படத்தோட தகட்டைத் திருப்பிப் போட்டுட்டாங்க. கண்டுபிடிச்சு நிறுத்தறதுக்குள்ள கொஞ்சம் வெளிய போயிடுச்சு. டப்பா சேர்க்கறவங்க குரூப்ல பதினோராயிரம் பேர் இருக்கோம். இது மூணு பேர்கிட்டதான் இருக்கு. நான் விவரமா கட்டுரையே போட்டிருக்கேன்."

"தகட்டத் திருப்பினது நெஜம் சார். ஆனா திருப்பினது இத இல்ல, அத."

"நீங்க அந்தக் கம்பெனியில இருந்தீங்களா?"

"எங்க நைனா இருந்தாரு. நான் டப்பாவுல இருந்தேன்."

"எதுல?"

"இதுல சார். இந்தப் பொண்ணு நானு."

ஞானசேகரன் டப்பாவைப் பார்த்தார். லோகநாயகியைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார். "இந்தக் குழந்தை நல்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"செவப்பா கீது. பெயிண்டருக்கு நல்ல மனசு. ரெண்டு கோட்டு அடிச்சி வுட்டாரு."

பன்னீர் சோடா மேசையில் சாவித்திரி சிரித்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் ஞானசேகரன். "இதோ இந்த பிஸ்கட் டப்பாக் குழந்தை நான்தான்னு இதுவரைக்கும் நாலு பேர் குரூப்ல எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தர் ஆம்பளை. ஆதாரம் இல்லாம நான் எப்படி உங்க பேரைப் போட முடியும்?"

"பேரப் போடச் சொல்லி யாரு கேட்டா? நீங்க நம்பவே வாணாம். அந்தப் பிழைன்ற சொல்ல மட்டும் எடுங்க."

"அதை எடுத்துட்டா இது சாதாரண டப்பாங்க."

"எங்களுக்கு அது சாதாரணம்தான் சார். இடது கைக்காரி இடது கையில தேச்சா. இதுல இன்னா பிழை?"

"அம்மா," என்று பவித்ரா முழங்கையைத் தொட்டாள். "சொல்லிட்ட இல்ல? வா, போலாம்."

லோகநாயகி நகரவில்லை. பதினோராயிரம் பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. முதலாளி இல்லை, போட்டோக்காரர் இல்லை, அப்பா இல்லை. அண்ணனும் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு டப்பாக்களையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இடது கைப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். வலது கைப் பெண்ணும் அதே சிரிப்பைச் சிரித்தாள். அண்ணன் சட்டை. அண்ணனுக்கு இல்லாத பேனா.

லோகநாயகி குனிந்தார்.

"சார், நீங்க பேனாவ எங்க வச்சிகினு கீறீங்க?"

"என்ன?"

"உங்க பேனா சார்."

ஞானசேகரன் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "பாக்கெட்லதான்."

"எந்தாண்ட பாக்கெட்டு?"

"இடது. எல்லார் சட்டையிலும் இடது பக்கம்தானே..." அவர் பேச்சு நின்றது. இடது கை டப்பாவைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். பெண்ணின் இடது மார்பில் பை, அதில் பேனா. கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். வலது மார்பில் பை. வலது மார்பில் பேனா. பட்டன் பட்டியையும் பார்த்தார். அதுவும் மாறி இருந்தது.

"அது எங்க அண்ணன் சட்ட சார். ஆம்பளப் பசங்க சட்ட. அம்பத்தூர் டைலர் தச்சது. வலது பக்கம் பாக்கெட்டு வச்சி எந்த டைலரும் தெக்க மாட்டான்."

ஞானசேகரன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இருபது வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

பவித்ரா அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்மா! இத்த ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"இப்பதான்டி பாத்தேன்."

ஞானசேகரன் எழுந்தார். வங்கியில் தப்பான கையெழுத்தைக் கண்டுபிடித்த நாளில் அவர் முகம் இப்படி இருந்திருக்கும். இடது கை டப்பாவின் கீழேயிருந்த அட்டையை எடுத்தார். 'மிக அரிது' என்பதைக் கோடு போட்டு அடித்தார். அப்படியே நகர்த்தி வலது கை டப்பாவின் கீழே நிறுத்தினார்.

"இதாங்க நியாயம். பிழை இது. குரூப்ல இன்னிக்கே எழுதறேன்."

லோகநாயகி இதை எதிர்பார்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் இருந்த டப்பா அது. அவருடைய முகம் நாடு முழுக்கப் போனது அந்த டப்பாவில்தான். அதன் கீழே அந்தச் சொல் போய் உட்கார்ந்துகொண்டது.

"வாணாம் சார்," என்றார். "அதுலயும் நான்தானே கீறேன். ரெண்டுக்கும் வாணாம். கிழிச்சிப் போட்டுடுங்க."

"சரிங்க, உங்க இஷ்டம்," என்று ஞானசேகரன் கையை நீட்டினார்.

"அது இருக்கட்டும்."

சாவித்திரி சோடா மேசையை விட்டு வந்திருந்தார். நனைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வலது கை டப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"அந்த அட்டை அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

"உனக்கென்ன இதுல?" என்றார் ஞானசேகரன்.

சாவித்திரி அவர் பக்கம் திரும்பவில்லை. லோகநாயகியிடம் பேசினார். "மன்னார்குடியில எங்க வீட்டுல இந்த டப்பாதாங்க. நானும் இடது கைதான். காலையில கிணத்தடியில அம்மா இதை என் மூஞ்சிக்கு நேரா பிடிப்பாங்க. இந்தப் பொண்ணைப் பாரு, எவ்வளவு அழகா வலது கையால தேய்க்கிறா, உனக்கு என்னடி கேடுன்னு. இடது கையைத் துண்டால இடுப்போட சேர்த்துக் கட்டிடுவாங்க. ஒரு வருஷம். ரெண்டாம் கிளாஸ் முழுக்க." டப்பாவில் இருந்த பெண்ணை விரலால் தொட்டார். "உங்களை எனக்குக் கண்டாலே ஆகாதுங்க அப்ப."

ஸ்பீக்கரில் பாட்டு மாறியது.

"நீ சொன்னதே இல்லையே," என்றார் ஞானசேகரன்.

"நீங்க டப்பா எந்த வருஷம்னு கேட்டிருக்கீங்க. தகரம் எந்த ஊருன்னு கேட்டிருக்கீங்க."

லோகநாயகி சாவித்திரியின் கைகளைப் பார்த்தார். "இப்ப எந்தக் கை?"

"எல்லாம் வலதுதான். பழகிடுச்சு." சாவித்திரி குரலைத் தாழ்த்தினார். "கோலம் மட்டும். மாடியில யாரும் வர்றதுக்கு முந்தி."

"என்னையும் மாத்திப் பாத்தாங்கம்மா. விளக்கு வச்சி, மொதலாளி நின்னுகினு, ஒரு மணி நேரம். என்னால முடியல. மாத்தவே முடியலன்னுதான் படத்தத் திருப்பினாங்க. நான் வலது கையில தேக்கவே இல்ல. ஒருநாளும் தேக்கல. உங்கம்மா காமிச்ச பொண்ணு அப்பவும் பீச்சாங்கையிலதான் தேச்சிகினு இருந்தா."

சாவித்திரி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா இருந்திருக்கணும்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். லோகநாயகியும் சிரித்தார்.

"அட்டை அங்கியே இருக்கட்டும் சார்," என்றார் லோகநாயகி. "அந்தம்மா சொன்னதுதான் சரி."

ஞானசேகரன் புது அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். "இதுக்கு என்ன எழுதட்டும்?"

"வருஷம் எழுதுங்க. ஊர் எழுதுங்க. மொத டப்பான்னு எழுதுங்க. அது போதும்."

"மாசம் ஞாபகம் இருக்கா?"

"ஆனி. நைனாவுக்குச் சோறு எடுத்துகினு போனேன், பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு வாரம் இருக்கும். கத்திரிக்கா கொழம்பு."

"கொழம்பையும் எழுதணுமா?"

"எழுதுங்க. படிக்கறவங்களுக்குத் தெரியட்டும், நல்லா இருந்துச்சின்னு."

அவர் எழுதத் தொடங்கினார். வங்கிக்காரரின் எழுத்து, நிதானமாக, ஒவ்வொரு சுழியும் முழுதாக. அதற்குள் மிட்டாய் வாட்ச் கட்டிய ஒருவர் மேசைக்கு வந்துவிட்டார். வலது கை டப்பாவைப் பார்த்து, "அட, எங்க வீட்டு டப்பா!" என்றார். அட்டையைப் படித்தார். முகம் சுளித்தார். பக்கத்து டப்பாவைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

"இது பிழையா? நாங்க பத்து வருஷம் தேச்சோமே சார். அப்ப இந்தப் பொண்ணு இடது கையா? யார் சார் இந்தப் பொண்ணு?"

ஞானசேகரன் எழுதுவதிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேனாவை மட்டும் உயர்த்தி லோகநாயகியின் பக்கம் காட்டினார்.

"இவங்கதான்," என்றார்.

அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். லோகநாயகி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.

"ஆமா," என்றார். "கேளுங்க, சொல்றேன்."